ஸர் கில்பர்ட் வாக்கர்

வைகை பாயும் மதுரை நாட்டில் உழவர் பெருமக்கள் ஐப்பசித் திங்களில் வானை நோக்கி நிற்றல் நாம் ஆண்டுதோறும் காண்பதொன்று. மேகங்கண்டு விதைப்பர், சில ஆண்டுகளில் மேகம் பொய்த்துவிடும். மழையை முன்னறிந்து கூற இயலுமா என்று இருபதாண்டுக் காலம் ஆராய்ந்து, தம் கணக்கினும் வானமே பெரிது என்பதை மறவாதிருந்த ஓர் அறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1868-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியிற் பயின்று, 1889-இல் கணிதத் தேர்வில் முதல்வராகத் தேறினார். நம் பாண்டி நாட்டு வளரியை ஒத்த பூமராங் என்னும் வளைதடியை எறிவதிலும், அது செல்லும் நெறியைக் கணிப்பதிலும் இளமையில் பெருவிருப்பினர்.

1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமை இவரை அடைந்தது. கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையமும் இவர் மேற்பார்வையில் அடங்கியது. அதற்கு முன்பு, 1899-இல், நல்ல மழை உண்டென்று துறையினர் அறிவித்திருக்க, நாட்டில் கொடும் பஞ்சமே வந்துற்றது. ஆகவே, வாக்கர் ஊகத்தை விடுத்து எண்களை நாடினார். பல நாடுகளின் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பழைய கணக்குகளைத் திரட்டி, எதனோடு எது இயைகின்றது என்று ஆராய்ந்து, அவ்வியைபினின்றும் மழையைக் கணிக்கும் சூத்திரங்களை அமைத்தார்.

ஆயினும் சூத்திரம் வானத்தின் நிழலேயன்றி வானமன்று. முப்பத்திரண்டு சிறுவர் ஐந்து முறை காசு சுண்டினால், அவருள் ஒருவனுக்கு ஐந்தும் தலையாகவே விழுதல் இயல்பு. அதனை அவன் திறமை என்று கொள்வார் உளரோ? அதுபோலவே, பல இயைபுகளைத் தேடுமிடத்துச் சில தற்செயலாகவே பெரியனவாகத் தோன்றும். இவற்றை மெய்யியைபினின்றும் பிரித்தறியும் அளவுகோலை 1914-இல் வாக்கர் வெளியிட்டார்.

தம் அறிவின் எல்லையை அறிதலாகிய இப்பண்பு வேறோரிடத்தும் விளங்கிற்று. 1913-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த ராமாநுஜனின் கணிதத்தாள்களைக் கண்ட இவர், அப்பிரிவில் தமக்குத் தனிப்பயிற்சி இன்மையை ஒளியாது கூறியும், அவருக்கு உதவ வேண்டுமென்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அவ்வாண்டே ராமாநுஜன் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை பெற்றார்.

பசிபிக் கடலில் காற்றழுத்தம் மிகுங்கால் இந்தியக் கடலில் குறைதலும், அது குறையுங்கால் இங்கு மிகுதலும் கண்டு, அதற்குத் தென் அலைவு எனப் பெயரிட்டார். 1924-இல் ஓய்வு பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆசிரியரானார். 1958-இல் இயற்கை எய்தினார். எல் நினோ என்னும் கடல் வெப்பத்தோடு அவ்வலைவுக்குள்ள தொடர்பை 1969-இல் பியர்க்னெஸ் விளக்கியபோது, வாக்கரின் புகழ் மீண்டும் தழைத்தது.

எல் நினோ பொதுவாகத் தென்மேற்குப் பருவமழையைக் குறைப்பினும், நம் வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் மிகுவிக்கும். 1997-இல் அது கடுமையாயிருந்தும் தென்மேற்குப் பருவமழை பொய்த்திலது. 2002-இலோ, பதினாறு காரணிகளைக் கொண்ட சூத்திரம் வழக்கமான மழை உண்டென்று கூற, 19 விழுக்காடு குறைந்தது. இன்று கணிப்பொறிகள் போலி வானம் ஒன்றைப் படைத்துக் காட்டுகின்றன. அதுவும் மெய்வானத்தோடு முற்றும் பொருந்துவதன்று. பொருந்தாமை எவ்வளவு என்று அளந்து திருத்திக் கொள்வதே இன்றைய அறிஞர் செய்கை.

கணக்குப் பிழைத்தவழி வானத்தைக் குறைகூறாது கணக்கைத் திருத்துவோனே உழவனுக்கு உற்ற துணைவன். மாணவராகிய நாம் வாக்கரிடம் கற்கத்தக்கது இதுவே.