அலெக்ஸ் ரேமண்ட்

அலெக்ஸ் ரேமண்ட் (அக்டோபர் 2, 1909 – செப்டம்பர் 6, 1956) ஒரு புகழ்பெற்ற அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர் ஆவார். கோள்களுக்கிடையேயான போரைக் கருவாகக் கொண்ட ஃபிளாஷ் கார்டன் என்னும் அறிவியல் புனைவுச் சித்திரத் தொடரை 1934 ஆம் ஆண்டில் உருவாக்கியவர். சீக்ரெட் ஏஜென்ட் எக்ஸ்-9, ஜங்கிள் ஜிம், ரிப் கெர்பி ஆகிய தொடர்களுக்கும் இவரே முதல் ஓவியர். எக்ஸ்-9 என்னும் உளவாளியே பின்னாளில் காரிகன் என்று பெயர் பெற்றுத் தமிழ் வாசகர்களுக்கும் அறிமுகமானவர்.

இளமைக்காலம்

ரேமண்ட் நியூயார்க் மாநிலத்திலுள்ள நியூ ரோசெல் நகரில் பிறந்தார். குடிசார் பொறியாளரான இவரது தந்தை மகனின் ஓவிய ஆர்வத்தை ஊக்குவித்தார். ரேமண்டுக்கு 12 வயதானபோது தந்தை காலமானார். ஓவியத்தால் பிழைக்க இயலாது என்று கருதிய ரேமண்ட், வால் தெருவில் எழுத்தராகப் பணியாற்றினார். 1929 இல் பங்குச்சந்தை வீழ்ச்சியுற்றதைத் தொடர்ந்து அந்த வேலை பறிபோகவே, மீண்டும் ஓவியத்தின் பக்கம் திரும்பினார். ரஸ் வெஸ்ட்ஓவர், சிக் யங், லைமன் யங் ஆகிய ஓவியர்களிடம் உதவியாளராக இருந்து தொழிலைக் கற்றார்.

ஃபிளாஷ் கார்டன்

1929 இல் தொடங்கிய பக் ரோஜர்ஸ் என்னும் விண்வெளித் தொடர் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதற்குப் போட்டியாக ஒரு தொடரை வெளியிட, செய்தித்தாள்களுக்குச் சித்திரத் தொடர்களை விநியோகித்து வந்த கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் விரும்பியது. அப்பொறுப்பு ரேமண்டிடம் அளிக்கப்பட்டது. ஜனவரி 7, 1934 அன்று ஃபிளாஷ் கார்டன் ஞாயிறு இதழ்களில் வெளிவரத் தொடங்கியது. ஜங்கிள் ஜிம்மும் அதே நாளில் தொடங்கியது. அம்மாத இறுதிக்குள் எக்ஸ்-9 தொடரும் அவற்றுடன் சேர்ந்தது.

பூமியை நோக்கி மோங்கோ என்னும் கோள் விரைந்து வருவதிலிருந்து கதை தொடங்குகிறது. கார்டன், டேல் ஆர்டன், அறிவியலாளர் சார்க்கோவ் ஆகிய மூவரும் ஏவூர்தியில் அக்கோளை அடைந்து, அதன் கொடுங்கோல் பேரரசன் மிங்கை எதிர்க்கின்றனர். கதை எழுதுவதில் டான் மூர் ரேமண்டுக்குத் துணைபுரிந்தார். ரேமண்ட் உயிருள்ள மாதிரிகளைப் பார்த்து மாந்தரை வரைந்தார். நாளடைவில் பேச்சுக் குமிழ்களைக் கைவிட்டு, படத்தின் ஓரத்தில் உரைநடையாகக் கதையைத் தந்தார். இதனால் ஒவ்வொரு கட்டமும் தனி ஓவியம் போல் அமைந்தது. எனினும் மிங்கின் தோற்றம், கிழக்காசிய மக்களைப் பற்றி அக்கால மேற்குலகில் நிலவிய இனவெறுப்பின் வெளிப்பாடு என்ற விமர்சனம் உண்டு.

உலகப்போரும் உரிமை இழப்பும்

1944 இல் ரேமண்ட் ஃபிளாஷ் கார்டனை விட்டு விலகி அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் பிரிவில் சேர்ந்தார். கற்பனைக் கோளின் போரைப் பத்தாண்டுகள் வரைந்தவர், 1945 இல் கில்பர்ட் ஐலண்ட்ஸ் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலில் பசிபிக் போர்முனைக்குச் சென்றார். போர் முடிந்தபின் மேஜர் பதவியுடன் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

திரும்பி வந்தபோது அவரது தொடர் அவருக்குக் கிடைக்கவில்லை. தொடரின் உரிமை நிறுவனத்திடம் இருந்தது. ஆஸ்டின் பிரிக்ஸ் என்னும் ஓவியர் அதனை வரைந்து வந்தார். தாம் உருவாக்கிய மாந்தர்மீது ஓவியருக்கு உரிமை இல்லாத நிலை அன்று அத்துறையில் இயல்பாக இருந்தது. எனவே ரேமண்ட் புதிய தொடர் ஒன்றைத் தொடங்க நேர்ந்தது. மார்ச் 4, 1946 அன்று வெளிவரத் தொடங்கிய ரிப் கெர்பி, போரிலிருந்து திரும்பிய ஒரு துப்பறிவாளரின் கதையாகும். கண்ணாடி அணிந்து, குழாய் புகைத்து, அறிவைக் கொண்டே வழக்குகளைத் தீர்க்கும் நாயகன் அக்காலத்தில் புதுமையாக இருந்தான். இத்தொடருக்காக ரேமண்ட் 1949 ஆம் ஆண்டுக்கான ரூபன் விருதைப் பெற்றார். பின்னர் அமெரிக்கத் தேசியக் கேலிச்சித்திரக்காரர்கள் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றினார்.

மறைவு

செப்டம்பர் 6, 1956 அன்று கனெடிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் நிகழ்ந்த மகிழுந்து விபத்தில் ரேமண்ட் தமது 46 ஆவது வயதில் உயிரிழந்தார். உடன் பயணித்த ஓவியர் ஸ்டான் டிரேக் காயங்களுடன் உயிர் தப்பினார். ரிப் கெர்பி தொடரை அதன்பின் ஜான் பிரென்டிஸ் 1999 வரை வரைந்தார்.

தாக்கம்

ஃபிளாஷ் கார்டன் 1936 முதல் திரையிலும் தொடராக வெளிவந்தது. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அதனைப் புதிதாகப் படமாக்க விரும்பினார். உரிமை கிடைக்காததால் சொந்தமாக ஒரு விண்வெளிக் கதையை எழுதினார். அதுவே 1977 இல் வெளியான ஸ்டார் வார்ஸ்.

இந்தியாவில் 1964 முதல் 1990 வரை வெளிவந்த இந்திரஜால் காமிக்ஸ் இதழில் ஃபிளாஷ் கார்டன், ரிப் கெர்பி, காரிகன் ஆகியோரின் கதைகள் இடம்பெற்றன. சிவகாசியிலிருந்து 1972 இல் தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸ், காரிகனையும் ரிப் கெர்பியையும் தமிழ் வாசகர்களிடையே பரவலாகக் கொண்டு சேர்த்தது. அவற்றுள் பல, ரேமண்டுக்குப் பின் வந்த ஓவியர்கள் வரைந்தவை. இருப்பினும் அம்மாந்தரின் முகமும் தோற்றமும் ரேமண்ட் வகுத்த அடித்தளத்திலேயே அமைந்தன. 1996 இல் வில் ஐஸ்னர் புகழ் மண்டபத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது.