கொட்டும் பனியில் வெளியே ஓடிய விவசாயி... யார் இந்த ‘ஸ்னோஃப்ளேக்’ பென்ட்லி?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் ஜெரிக்கோ என்று ஒரு சின்ன ஊர். குளிர்காலம் வந்தால் பனி கொட்டித் தீர்த்துவிடும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் ஒதுங்கும் நேரத்தில், ஒரு விவசாயி மட்டும் கையில் கறுப்புப் பலகையோடு வெளியே ஓடுவார். பெயர் வில்சன் பென்ட்லி.

நம்மூரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் துளிதான். ஜெரிக்கோவில் கொட்டுவது வேறு. மேகத்திலேயே நீராவி உறைந்து, படிகமாகி இறங்கி வரும். வெறும் கண்ணுக்கு வெள்ளைத் தூள். பெரிதாக்கிப் பார்த்தால் ஆறு பக்கமும் கிளை பிரிந்த கோலம். அந்தக் கோலத்தைப் பிடிக்கத்தான் பென்ட்லி ஓடினார்.

வரைந்து முடிப்பதற்குள் உருகிவிடும்

1865 பிப்ரவரி 9-ம் தேதி பிறந்தவர். அம்மா டீச்சராக இருந்தவர். மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்ததும், 15 வயதில் ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பைக் கையில் கொடுத்ததும் அவர்தான். பையன் அதில் பனித்துகளை வைத்துப் பார்த்தான். அவ்வளவுதான், அதோடு ஆள் தொலைந்தான்!

பார்த்ததையெல்லாம் வரைந்து வைக்க ஆசை. ஆனால் பாதி வரைவதற்குள் துகள் உருகிவிடும். உருகியது உருகியதுதான், அந்த வடிவத்தை இனி யாரும் பார்க்க முடியாது. கேமரா ஒன்றுதான் வழி. அப்பாவுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. இருந்தாலும் கடைசியில் வாங்கிக் கொடுத்துவிட்டார். பல முறை சொதப்பிய பிறகு, 1885 ஜனவரி 15-ம் தேதி முதல் படம் சரியாக விழுந்தது. அப்போது பென்ட்லிக்கு 20 வயதுகூட ஆகவில்லை.

மூச்சுக்காற்று பட்டாலே போச்சு

வேலை நடந்தது சூடேற்றாத ஒரு கொட்டகையில். கறுப்புப் பலகையில் விழும் துகள்களில் நல்லதாக ஒன்றைத் துடைப்பக்குச்சியால் தொட்டு எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, இறகால் மெதுவாக ஒத்தி ஒட்டவைப்பார். அதுவரை மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பிறகு மைக்ரோஸ்கோப் பொருத்திய கேமராவை ஜன்னல் வெளிச்சத்தை நோக்கித் திருப்பிப் படம் எடுப்பார். கேமரா ரொம்ப நீளம், பின்னால் நின்றால் ஃபோகஸ் திருகு கைக்கு எட்டாது. அதற்குக் கயிறு கட்டி இழுக்கும் ஏற்பாடு ஒன்றையும் அவரே செய்துகொண்டார்.

இப்படியே 5,000 படங்களுக்கு மேல். கேமரா மட்டும் கடைசி வரை அதே ஒன்றுதான்.

அந்தக் காலத்து ‘எடிட்டிங்’ சர்ச்சை

அவர் படங்களில் பின்னணி கன்னங்கரேல் என்று இருக்கும். அது தானாக வந்ததல்ல. நெகட்டிவ் பிரதியில் துகளின் ஓரத்தைச் சுற்றிக் கத்தியால் சுரண்டி எடுப்பார். ஜெர்மனியின் வானிலை அறிஞர் குஸ்டாவ் ஹெல்மான் இதைக் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சுரண்டும்போது ஓரம் மாறினால் வடிவமே மாறிவிடுமே. தவிர, உடைந்ததையும் கோணலானதையும் விட்டுவிட்டு அழகானதையே அதிகம் தேடினார் பென்ட்லி. ஒரு பனித்துகள் போல இன்னொன்று இல்லை என்று இன்று ஊர் உலகமெல்லாம் சொல்வதற்கு இவர் படங்கள்தான் பெரிய காரணம்.

பனி இல்லாத மாதங்களிலும் சும்மா இருக்கவில்லை. சிலந்தி வலையில் கோத்த துளிகள், ஜன்னல் கண்ணாடியில் படரும் உறைபனி என்று எதையும் விடவில்லை. மழைத்துளியின் அளவைக் கண்டுபிடிக்க, தட்டில் மாவைப் பரப்பி மழையில் நீட்டினார். துளி விழுந்த இடத்தில் மாவு உருண்டையாகும். அதைக் காயவைத்து அளந்தார். அந்த முடிவுகள் 1904-ல் வெளியாயின.

இதில் சம்பாதித்தது ஒன்றும் பெரிதில்லை. செலவழித்ததுதான் அதிகம். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சாப்பாட்டுக்குப் பண்ணையும் மாடுகளும் இருந்தன.

1931 நவம்பரில், இயற்பியலாளர் டபிள்யூ.ஜே. ஹம்ப்ரீஸுடன் சேர்ந்து கொண்டுவந்த ‘ஸ்னோ கிரிஸ்டல்ஸ்’ புத்தகம் வெளியானது. அதில் மட்டும் 2,400-க்கும் மேற்பட்ட படங்கள். சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். பனிப்புயலில் நடந்தே வீடு திரும்பியவருக்கு நிமோனியா கண்டது. அவரது வானிலைக் குறிப்பேட்டில் டிசம்பர் 7-ம் தேதியோடு எழுத்து நிற்கிறது. வடக்கிலிருந்து குளிர்காற்று அடிப்பதையும் பனி பறப்பதையும் குறித்து வைத்திருக்கிறார். டிசம்பர் 23-ம் தேதி இறந்தார். வயது 66.

அவர் எடுத்த கண்ணாடி நெகட்டிவ்களில் பெரும்பகுதி இப்போது பஃபலோ அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.