சிறு துளையால் உயிர் காத்த பியாட்ரிஸ் ஷில்லிங்

வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் பிறந்து வளரும் நமக்கு அளவின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக் கலவையில் ஒன்று குறைந்தால் புஸ்வாணம் பூக்காது. ஒன்று மிகுந்தால் எரிய வேண்டியது வெடித்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் அன்றாடம் பேசும் இந்த உண்மை எந்திரத்துக்கும் பொருந்தும். அதை நன்கு உணர்ந்து, போர் விமானிகளின் உயிரைக் காத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம். அவர்தாம் பியாட்ரிஸ் ஷில்லிங் அம்மையார்.

இவர் 1909 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் நாள் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் உள்ள வாட்டர்லூவில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை இறைச்சிக் கடை வைத்திருந்தவர். சிறுமி பியாட்ரிஸுக்குப் பொம்மைகளைவிடக் கருவிகளிலேயே விருப்பம் மிகுதி. பதினான்கு வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, தாமே பிரித்துப் பூட்டிப் பழகினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்னும் பெண் பொறியாளரிடம் மின் பணியில் சேர்ந்தார். மாணவியின் திறமையைக் கண்ட அவ்வம்மையார், பல்கலைக்கழகம் செல்லும்படி ஊக்குவித்தார். மான்செஸ்டரில் 1932 இல் மின் பொறியியல் பட்டமும், அடுத்த ஆண்டு முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் பர்மிங்ஹாமில் சூப்பர்சார்ஜர் பூட்டிய எந்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். படிப்போடு பந்தயமும் நடந்தது. 1934 இல் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையை மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றித் தங்க நட்சத்திரம் வென்றார்.

1936 இல் ஃபார்ன்பரோ நகரிலிருந்த அரச விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணிக்குச் சேர்ந்தார். ஆண்களுக்கு நிகரான ஊதியம் பெண்களுக்கு இல்லாத காலம் அது. எனினும் விமான எந்திரங்களின் கார்புரேட்டர்களைப் பற்றி நன்கறிந்தவர் என்று விரைவில் பெயர் பெற்றார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய பிரிட்டிஷ் போர் விமானங்களில் மெர்லின் என்னும் 27 லிட்டர் எந்திரம் பூட்டப்பட்டிருந்தது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலியும். அந்தக் குறையை நிறைவு செய்யச் சூப்பர்சார்ஜர் என்னும் சுழலி காற்றை அழுத்தி எந்திரத்துக்குள் செலுத்தும். காற்றின் அளவுக்கு ஏற்பப் பெட்ரோல் சேர்ந்தால்தான் ஆயிரம் குதிரைத் திறனுக்கு மேற்பட்ட அதன் ஆற்றல் வெளிப்படும்.

இத்தகைய எந்திரம், விமானி பகைவனைத் துரத்தி மூக்கைத் திடீரெனக் கீழே சாய்த்த கணத்தில் திணறியது. பின் கரும்புகை கக்கி வலுவிழந்தது. ஜெர்மானிய விமானங்களிலோ பெட்ரோலை நேரே பீய்ச்சும் அமைப்பு இருந்ததால் அவை தடையின்றிப் பாய்ந்து தப்பின. துரத்தியவரே இரையாகும் நிலை உண்டாயிற்று.

கோளாறு எங்கே? திருவிழா ராட்டினம் சட்டென இறங்கும்போது நம் வயிறு மேலே எழுவது போலத் தோன்றுகிறதல்லவா? கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருந்த பெட்ரோலுக்கும் அதுவே நேர்ந்தது. பெட்ரோல் மேலே எழும்பியதால், அடியிலுள்ள துளைகளுக்கு அது கிட்டவில்லை. எந்திரம் ஒரு நொடி திணறியது. அடுத்து, தண்ணீர்த் தொட்டியின் மிதவை தாழ்ந்தால் குழாய் திறப்பது போல, மிதவை நிலை மாறி வாயில் முழுவதும் திறந்துகொண்டது. பம்பு தள்ளிய பெட்ரோல் வெள்ளமாய்ப் புகுந்து எந்திரத்தை மூழ்கடித்தது. முதலில் பெட்ரோல் பஞ்சம், பிறகு பெட்ரோல் வெள்ளம்! வெள்ளமே பெருங்கேடு என்பதை ஷில்லிங் அம்மையார் தெளிந்தார்.

புதிய கார்புரேட்டர் செய்யக் காலம் பிடிக்கும். வானில் போரிடுவோருக்கோ காலம் இல்லை. எந்திரம் முழு ஆற்றலில் ஓட எவ்வளவு பெட்ரோல் தேவை என்று அம்மையார் கணக்கிட்டார். அந்த அளவு மட்டுமே செல்லக்கூடிய துளையுடன் சிறு பித்தளைக் குப்பி ஒன்றை வடிவமைத்தார். விரற்கூட்டைப் போன்ற அதைப் பெட்ரோல் குழாயில் பொருத்தினால் போதும். விமானத்தைப் பணியிலிருந்து விலக்க வேண்டியதில்லை. 1941 இன் தொடக்க மாதங்களில் ஒரு சிறு குழுவுடன் விமானத் தளங்களுக்கு நேரில் சென்று அதைப் பொருத்தச் செய்தார். நொடிப்பொழுதுத் திணறல் முற்றிலும் தீரவில்லை. தலைகீழாகப் பறக்கவும் அது உதவாது. ஆனால் உயிருக்கு உலை வைத்த பெருங்கோளாறு நீங்கியது. சில ஆண்டுகளில் புதுவகைக் கார்புரேட்டர் வரும்வரை இந்தச் சிறு துண்டே துணை நின்றது. நம் சென்னை மாகாணம் அளித்த போர் நிதியின் நினைவாக மதராஸ் பிரசிடென்ஸி என்னும் பெயரைத் தாங்கிய விமான அணிகளும் அந்நாளில் மெர்லின் எந்திரத்தை நம்பியே பறந்தன.

அம்மையார் 1938 இல் ஜார்ஜ் நெய்லர் என்பவரை மணந்தார். போருக்குப் பின் அரசு அவருக்குப் பட்டமளித்துச் சிறப்பித்தது. ஏவுகணை எந்திரங்களையும், ஈரமான ஓடுபாதையில் விமானச் சக்கரங்கள் வழுக்குவதையும் ஆராய்ந்தார். 1967 இல் டான் கர்னி என்னும் அமெரிக்க வீரரின் பந்தயக் கார் அளவு மீறிச் சூடேறியபோது, காரணம் காண அழைக்கப்பட்டவர்களுள் இவரும் ஒருவர். 1969 இல் பணி ஓய்வு பெற்றார். 1990 நவம்பர் 18 இல் மறைந்தார்.

அன்பு மாணவியரே! பெரிய கோளாறு கண்டு அம்மையார் மலைக்கவில்லை. முதலில் என்ன நிகழ்ந்தது, அடுத்து என்ன நிகழ்ந்தது என்று நிதானமாக வரிசைப்படுத்தினார். எது கேடு என்று கண்டபின், அதற்கு வேண்டிய அளவு மட்டுமே மாற்றினார். ஸ்பேனரும் கணக்கும் பெண்ணின் கைக்கு ஏற்றவை அல்ல என்று நம்மிடம் எவரேனும் கூறினால், இவ்வம்மையாரின் பித்தளைத் துண்டை நினைவில் கொள்வோம். மார்கரெட் அம்மையார் அன்று ஒரு பெண்ணைப் படிக்க அனுப்பியிராவிடில் அது பிறந்திருக்குமா என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.