செக்கும் செந்தமிழும்

தமிழகத்தின் தென்கிழக்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்தது தூத்துக்குடி நகரம். பண்டைக் கொற்கையின் முத்துப் புகழ் விளங்கிய கடற்கரை அது. முன்னாளில் அங்கு முத்துக்குளிப்போர் கல்லின் துணையால் ஆழ்கடலுள் இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பிகளை அள்ளி வருவர். எல்லாச் சிப்பியிலும் முத்து இராது. எனினும் சோர்வடையாது மீண்டும் மூழ்குவர். அக்கடலிலே கப்பலோட்டிப் புகழ்பெற்றவர் வ. உ. சிதம்பரனார். கப்பலையும் செல்வத்தையும் இழந்த பின்னர், அவர் தம் வாழ்வுக்குப் பொருள் தேடிக்கொண்ட வரலாறு நாம் அறிந்து போற்றத்தக்கது.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள், ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மைந்தராகத் தோன்றினார். சட்டம் பயின்று வழக்குரைஞரானார். பின்னர்த் தூத்துக்குடியிற் குடியேறிப் பொருளும் புகழும் ஈட்டினார்.

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கப்பல் வாணிகம் ஆங்கிலக் கம்பெனியாரின் கையில் இருந்தது. அதனை மீட்கக் கருதிய சிதம்பரனார், 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள் சேர்த்து, 10 இலட்சம் ரூபாய் முதல் திரட்டுவது அவர் திட்டம். 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைப் பெரிதும் குறைத்துப் போட்டியிட்டனர். சிதம்பரனாரோ தளரவில்லை. 1908ஆம் ஆண்டில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும் அவர்களுக்குத் துணைநின்று வெற்றி தேடித் தந்தார்.

ஆட்சியாளர் இதனைப் பொறுத்திலர். 1908 மார்ச்சுத் திங்களில் அவரைச் சிறைப்படுத்தினர். சூலைத் திங்களில் நாற்பதாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தனர். அத்தீர்ப்பைக் கேட்ட அவர் தம்பியார் அறிவு கலங்கினார். உயர்நீதிமன்றம் பின்னர்த் தண்டனையைக் குறைத்தது. எனினும் கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் பட்ட துன்பம் கொடிது. கைத்தோல் உரியுமாறு சணல் வேலை செய்தார். மாடிழுக்க வேண்டிய செக்கை இழுத்தார். அவர் சிறையில் வாடுங்காலத்தே கப்பற் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்களும் கைமாறின.

உழைத்த உழைப்பெல்லாம் வீணாயிற்று எனக் கண்டால், இனி வாழ்ந்து பயன் என்னை என்று மனம் சோர்தல் மக்களியல்பு. சிதம்பரனாரோ சிறையினுள்ளும் தம்மாற் பிறர்க்கு ஆவது யாது என்று எண்ணினார். கண்ணூர்ச் சிறையில் உடனிருந்தோர்க்கு நீதி நூல்களைக் கற்பித்தார். அவர்கள் வேண்டியவாறே மெய்யறிவு என்னும் நூலை இயற்றினார். சேம்சு ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலை மனம்போல வாழ்வு என்னும் பெயரால் மொழிபெயர்த்தார்.

1912 டிசம்பர்த் திங்களில் அவர் விடுதலை பெற்றார். முன்பு அவர் சொற்கேட்க ஆயிரக்கணக்கில் திரண்ட மக்களுள், வரவேற்க வந்தோர் மிகச் சிலரே. வழக்குரைஞர் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வாணிகம் செய்து, வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்பொருட்டுத் திரட்டிய உதவித்தொகையும் காந்தியடிகள் வழியாக நெடுநாள் கழித்தே கிட்டியது.

இவ்வறுமையினிடையே அவர் மேற்கொண்டது தமிழ்ப்பணி. பழந்தமிழ் உரைகள் பல அந்நாளில் ஏட்டுச் சுவடிகளிலேயே உறங்கிக் கிடந்தன. செல்லரித்தவை பல, முறிந்தவை பல. சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. ஏகார எகர வேறுபாடும் எளிதில் விளங்காது. படி ஒன்றை மற்றொன்றோடு ஒப்புநோக்கி, ஐயமறத் தெளிந்த பின்னரே அச்சிடல் வேண்டும். கூட்டம் திரளாத, கைதட்டல் கேளாத, பொருளும் மிகுதியாகக் கிடைக்காத பணி அது. அதனைச் சிதம்பரனார் விரும்பி ஏற்றார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் வரைந்த உரையை 1917ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொல்காப்பியத்தின் முதல் உரையாசிரியராகிய இளம்பூரணரின் உரையையும் பதிப்பித்தார். அறத்துப்பாலுக்குத் தாமும் ஓர் உரை கண்டார்.

வாலேசு என்னும் ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் அவர் வழக்குரைஞர் உரிமையை மீண்டும் பெற்றார். அந்நன்றியை மறவாது தம் மைந்தருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தம்மை ஒறுத்த ஆட்சியைச் சேர்ந்தவரிடத்தும் நன்மையைக் கண்டு போற்றிய அவர் நெஞ்சில் கசப்புக்கு இடமில்லை.

1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் சிதம்பரனார் தூத்துக்குடியில் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1947இல் நாடு பெற்ற விடுதலையை அவர் காணவில்லை. 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் தம் பெயர் தாங்கி நிற்பதையும் அவர் அறியார். பயன் கண்ட பின்னரே உழைப்பேன் என்று அவர் காத்திருந்திருப்பின், செக்கடியிலேயே மனமுடைந்து போயிருப்பார். ஒரு பணி கைவிட்டுப் போனபோது, அண்மையிற் கிடந்த வேறொரு நற்பணியைக் கையேற்றார். அதனால் வாழ்வு பொருளுடையதாயிற்று. தோல்வியால் உள்ளம் தளர்ந்து, இனி என் செய்வோம் என்று திகைக்கும் இளைஞர், சிறைக்கோட்டத்தில் உடனிருந்தோர்க்கு அறநூல் ஓதிய அப்பெருமகனாரை நினைத்தல் வேண்டும்.