இன்சுலின் கண்ட டாக்டர் பாண்டிங்

மேட்டூர் அணையில் தண்ணீர் 120 அடியைத் தொட்டுவிட்டால், உபரி நீரைத் திறந்துவிட வேண்டும். அணை அடியோடு வற்றினால் பயிர் வாடிவிடும். நம் ரத்தத்தில் உள்ள சர்க்கரையும் அப்படித்தான். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து!

கூடிய சர்க்கரையைக் குறைக்கும் மருந்தை உலகத்துக்குத் தந்தவர் டாக்டர் பிரடெரிக் பாண்டிங். அந்த மருந்தே சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கி, ஆளைக் கீழே தள்ளிவிடவும் கூடும். அவர் காலத்திலேயே அது தெரிந்துவிட்டது.

விவசாயி மகன்

பாண்டிங் 1891-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி கனடா நாட்டில் பிறந்தார். தகப்பனார் ஒரு விவசாயி. மகன் டாக்டருக்குப் படித்தார். முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராக வேலை பார்த்தார். போர்க்களத்தில் கையில் காயம் பட்டது. வீரப் பதக்கமும் கிடைத்தது.

போர் முடிந்து நாடு திரும்பினார். 1920-ல் சொந்தமாக வைத்தியசாலை திறந்தார். நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வரும்படி வெறும் 4 டாலர்! பிழைப்புக்காக, கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கவும் போனார்.

நள்ளிரவில் ஒரு யோசனை

அந்தக் காலத்தில் சர்க்கரை வியாதி வந்த குழந்தைகள் பிழைப்பது இல்லை. அரைப் பட்டினி போட்டு, சில காலம் உயிரை இழுத்துப் பிடிப்பதுதான் வைத்தியம்.

1920 அக்டோபர் கடைசியில் ஒரு நாள் இரவு, பாண்டிங்குக்குத் தூக்கம் வரவில்லை. கணையத்தில் ஊறும் ஒரு சாறுதான் சர்க்கரையை அடக்குகிறது என்று அறிஞர்கள் கருதினார்கள். அதைத் தனியே பிரித்தெடுக்க அவருக்கு ஒரு வழி தோன்றியது. எழுந்து குறித்து வைத்துக்கொண்டார்.

1921 மே மாதம் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் சோதனை தொடங்கியது. பேராசிரியர் மக்லியாட் இடம் கொடுத்தார். பெஸ்ட் என்ற மாணவர் துணைக்கு வந்தார். நாய்களுக்குச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார்கள். சர்க்கரை குறைந்தது!

முயலுக்கு வலிப்பு

சாற்றைச் சுத்தப்படுத்த, காலிப் என்ற ரசாயன நிபுணர் வந்து சேர்ந்தார். அவர் அதை முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார். அளவு கூடியபோது, முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியதே காரணம். குளுக்கோஸ் ஊசி போட்டதும் தெளிந்தன.

1922 ஜனவரி 11-ந் தேதி, லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சரியான பலன் இல்லை. 23-ந் தேதி, காலிப் சுத்தப்படுத்திய மருந்தைப் போட்டார்கள். பையன் பிழைத்தான்! பிறகு 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான்.

ஆனால், முயலுக்கு வந்த தொல்லை மனிதருக்கும் வந்தது. ஊசி போட்ட சிலருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, புத்தி தடுமாறியது. டொரண்டோ டாக்டர்கள் 1922-லேயே இதை எழுதி வைத்தார்கள். ஆரஞ்சுச் சாறு கொடுத்ததும் நோயாளிகள் தெளிந்தார்கள்.

புகழும் முடிவும்

பாண்டிங் கோடீசுவரர் ஆகியிருக்கலாம். ஆகவில்லை. மருந்தின் உரிமையைப் பல்கலைக்கழகம் வெறும் 3 டாலருக்குப் பெற்றது. 1923-ல் பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பாண்டிங் தன் பங்கில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மேட்டூர் அணை திறந்த அதே 1934-ல் அவருக்குச் 'சர்' பட்டம் வந்தது. 1941 பிப்ரவரியில் விமான விபத்தில் இறந்தார். அவர் பிறந்த நாளே இன்று உலக நீரிழிவு தினம்.

வீட்டில் எல்லோரும் அறிய வேண்டியது

ஊசி மட்டும் அல்ல, சர்க்கரைக்கான சில மாத்திரைகளும் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடும். மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பதே முக்கிய காரணம். ஆடிப் பெருக்கு அன்று மேட்டூரில் காவிரியில் குளித்து, முனியப்பனைக் கும்பிட்ட பிறகே சாப்பிடுவோம் என்று வெறும் வயிற்றோடு நிற்பவர்கள் கவனிக்க வேண்டும். வழக்கத்துக்கு மேல் உழைத்தாலும், மது குடித்தாலும் இப்படி ஆகலாம்.

அகோரப் பசி, வியர்வை, நடுக்கம், படபடப்பு, உளறல் ஆகியவை அடையாளங்கள். பல ஆண்டு நோயாளிகளுக்கு இந்த அடையாளங்கள் தெரியாமலே மயக்கம் வரலாம். குடித்துவிட்டு உளறுகிறார் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால், உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறாவிட்டால் மீண்டும் கொடுக்கலாம். தெளிந்ததும் உணவு அவசியம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

இதற்குப் பயந்து மருந்தை நிறுத்துவது தவறு. டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார். சட்டைப் பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். பாண்டிங் தந்த மருந்துக்கு அதுவே காவல்!