அரக்கு செய்த வேலை!

குட்டீஸ்... மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், எலக்ட்ரீஷியன் ஒரு சின்ன டப்பாவை மாற்றுவாரே, பார்த்திருக்கிறீர்களா? அதை கன்டென்சர் என்பர்; பாடப் புத்தகத்தில், மின்தேக்கி. அதன் மேல், 2.5 மைக்ரோ ஃபாரட் என்பது போல அளவு போட்டிருக்கும். அந்த ஃபாரட், மைக்கேல் ஃபாரடேயின் பெயர் தான்!

இங்கிலாந்தில், 1791ல், ஏழைக் கொல்லர் வீட்டில் பிறந்தார் ஃபாரடே. 14 வயதில், லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில், மின்சாரம் பற்றிப் படித்தார். வாரம் சில பென்னிகள் மிச்சம் பிடித்து, கண்ணாடிக் குப்பியால் மின் கருவி செய்தார். 1813ல், ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார்.

அங்கே, 1837ல் ஒரு சோதனை. பித்தளைக் குண்டு, அதைத் தொடாமல் சுற்றிலும் பித்தளை ஓடு. இதேபோல இரண்டு கருவிகள். ஒன்றின் இடைவெளியில் வெறும் காற்று. மற்றதில் கொஞ்சம் அரக்கு. ஒரு குண்டுக்கு மின்னூட்டம் கொடுத்து, அதை மற்ற குண்டோடு இணைத்தார். ஆளுக்குப் பாதி வர வேண்டும் தானே? அரக்கு வைத்தது, அதிகம் எடுத்துக் கொண்டது!

மின்சாரம் அரக்கில் பாயாது. ஆனால், குண்டில் மின்னூட்டம் ஏறும்போது, அரக்கின் துகள்களுக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி, குண்டின் விசையைக் குறைக்கும். அதனால், இன்னும் கொஞ்சம் மின்னூட்டத்துக்கு இடம் கிடைக்கும்.

மின்விசிறி டப்பாவில், அரக்குக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.