மெம்பருக்குத் தமிழ் தேடிய பாரதி

கருவடிக்குப்பம் சித்தானந்த சுவாமி கோயில் பக்கம் போனால் மகாகவி பாரதியை நினைக்காமல் திரும்ப முடியாது. அவர் குயில் பாட்டுப் பாடிய தோப்பு இந்தப் பக்கம்தான். ஆனால் நான் அவரை நினைத்தது கவிதைக்காக அல்ல, டிக்ஷனரிக்காக!

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு டிப்ளமோவுக்கு வந்தவன் நான். ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன் இரண்டுக்கும் என் கையடக்க அகராதியில் ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான். பாடப்புத்தகத்திலோ முன்னது ஒரு பரப்பளவின் மேல் விழும் விசை. பின்னது நீளம் மாறிய அளவை முதல் நீளத்தால் வகுத்தது, அதற்கு அலகே கிடையாது. ஃபோர்ஸ், பவர், எனர்ஜி மூன்றையும் 'சக்தி' என்றே மனப்பாடம் செய்து வைவாவில் மாட்டிக்கொண்டேன். 'ரன்' என்ற வினை இன்னும் மோசம். மனுஷன் ஓடினாலும் ரன், மோட்டார் சுற்றினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன்!

இந்தத் தொல்லையை நமக்கு முன்பே பட்டவர் பாரதி. 1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தார். அப்பா சின்னசாமி ஐயர் இயந்திர நாட்டம் உள்ளவர், ஊரிலேயே பருத்தி ஆலை வைத்தவர் (நம்ம டிபார்ட்மெண்ட் ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம்). மகன் ஆங்கிலமும் கணக்கும் படிக்கட்டும் என்று திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் படிப்பால் பணம் போனதுதான் மிச்சம் என்று பிள்ளை பிற்பாடு கசந்து பாடினார். ஆனால் ஷெல்லியின் கவிதை மேல் பித்தாகி, 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவரும் அவரேதான்.

1904-ல் சென்னையில் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர் வேலை. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளைத் தமிழாக்க வேண்டும். மறுநாள் பேப்பர் படிப்பவர் சாதாரண ஜனம். அகராதித் தமிழ் அவர்களிடம் செல்லாது. அவருடைய உரைநடை எளிமையானதற்கு இந்த வேலைதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஆங்கில அரசின் கெடுபிடியால் 1908-ல் பிரெஞ்சுப் புதுவைக்கு வந்தவர், பத்து வருஷம் இங்கேயே இருந்தார். ஆழ்வார் பாசுரங்களை ஆங்கிலமாக்கினார்; அவை அரவிந்தரின் ஆர்யா பத்திரிகையில் வந்தன. 1914-ல் ஆங்கிலத்திலேயே பொன்வால் நரிக் கதை எழுதி அச்சிட்டார். கீதையைத் தமிழாக்கினார். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று இரண்டு பக்கமும் நடந்த மனுஷன்!

அப்பேர்ப்பட்டவரையே 'மெம்பர்' என்ற ஒரே சொல் மடக்கிவிட்டது. ஒரு கட்டுரையில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவயவி என்று பார்த்தார், சரியில்லை. அங்கத்தான், உறுப்பாளி எதுவும் மனசுக்கு ஒட்டவில்லை. சபிகன் பொருத்தமானதுதான், ஆனால் ஜனங்களுக்குப் புரியாது. அரை மணி நேரம் யோசித்தும் அமையாமல், மெம்பர் என்றே எழுதி, நல்ல சொல் கண்டுபிடித்துத் தரும்படி பண்டிதர்களைக் கேட்டுக்கொண்டார். இதைப் படித்த பிறகுதான், அர்த்தம் தெரியவில்லை என்று வகுப்பில் கை தூக்க எனக்குத் தைரியம் வந்தது.

1918 நவம்பரில் புதுவையை விட்டுக் கிளம்பியவரைக் கடலூர் அருகே பிடித்துச் சிறையில் வைத்தார்கள். 1920-ல் மறுபடி அதே சுதேசமித்திரன் மேஜை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமானார். முப்பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை.

போன மாசம் நம்ம யூனியன் சந்தா கட்டி ரசீது வாங்கினேன். பெயருக்குப் பக்கத்தில் 'உறுப்பினர்' என்று அச்சடித்திருந்தது. பாரதிக்கு அரை மணி நேரத்தில் அகப்படாதது எனக்கு ரசீதோடு சும்மா வந்திருக்கிறது!